ரீட்டா செய்த ஆர்பிட்டால்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கம்பெனிகள் இருக்கும் பக்கம் போய் ரீட்டா எங்கே என்று விசாரித்தால், எந்த ரீட்டா என்பார்கள். பினிஷிங் ரீட்டா என்று சொன்னால்தான் எங்கள் ரீட்டாவைக் கை காட்டுவார்கள். அச்சைப் பிரித்துச் சுடாத பச்சைப் பொம்மையை வெளியே எடுத்ததும், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு மேடாக நிற்கும். அதை ஈரப் பஞ்சால் தேய்த்து, கோடு இருந்ததே தெரியாமல் ஆக்க வேண்டும். பதினேழு வருடமாக அவள் வேலை அதுதான். ஆள் வராத நாளில் ஸ்பிரே கன் பிடித்து, கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சும் அடிப்பாள். அவள் கை பட்ட பொம்மை திரும்பி வந்ததாக நான் கேட்டதில்லை.

ரீட்டா என் தம்பி அமிர்தசாமியின் மூத்த மருமகள். பெரியவன் ஆன்றோவுக்குக் கட்டினது. கருவேப்பிலங்குறிச்சி இஞ்ஞாசியம்மாளின் மூன்றாவது பெண். இஞ்ஞாசியம்மாள் எனக்குத் தங்கச்சி முறை ஆக வேண்டும், அது பெரிய சுற்று, விட்டுவிடுகிறேன். ரீட்டா பன்னிரண்டாவது வரைக்கும் சயின்ஸ் குரூப் படித்தவள். கெமிஸ்ட்ரியில் மட்டும் போய்விட்டது. மறுபடி எழுதலாம் என்றிருந்தபோது பெண் கேட்டு நாங்கள் போய் நின்றோம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்தாள்.

நல்ல பெண்தான். ஆனால் பொறாமை உண்டு. அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றிச் சொல்வதானால் வேறு யாரையாவது பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பொறாமைக்குப் பெயர் பிரின்சி. இளையவன் சாவியோவுக்கு எட்டு வருடத்துக்கு முன்னால் நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த மருமகள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, அதற்கு மேல் பி.எட். வந்த மறு மாதமே ஒரு தனியார் ஸ்கூலில் டீச்சர் வேலை. ஒரே வாசல், இரண்டு அடுப்பு. என் தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம், யார் வந்தாலும் சின்ன மருமகளைக் காட்டி, "எங்க டீச்சரம்மா" என்பான். பெரியவள் டீ கொண்டு வந்து வைத்தால், "பெரியவ. பொம்மக் கம்பெனிக்குப் போவுது" என்பான். அவன் மனதில் ஒன்றும் கிடையாது. ஆனால் கேட்கிறவளுக்குக் காது இருக்கிறதே.

மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்க சாமியார் பிரின்சியைக் கூப்பிட்டார். அதற்கு முன் ஆறு வருடமாக மூன்றாவது ஞாயிறு வாசித்தவள் ரீட்டா. அடுத்த மூன்று மாதம், பிரின்சி வாசிக்காத இரண்டாம் பூசைக்குப் போனாள்.

இதெல்லாம்கூடத் தாங்கினாள். தாங்காமல் போனது மகள் அமலி விஷயத்தில்.

அமலி பதினொன்றாவது சேர்ந்தாள். கெமிஸ்ட்ரியில் இரண்டாவது பாடமே அணுவைப் பற்றி. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சித்தியின் பக்கம் போய்விடுவாள். நடுவில் ஒரு சுவர்தான். ரீட்டா இந்தப் பக்கம் வெங்காயம் அரிந்துகொண்டே காதில் வாங்குவாள். "எலக்ட்ரானுக்கு நாலு நம்பரு உண்டு. மொத நம்பரு எவ்ளோ பெருசுன்னு சொல்லும். ரெண்டாவது என்ன வடிவம்னு சொல்லும். மூணாவது எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்குதுன்னு சொல்லும். நாலாவது, சுத்து இப்படியா அப்படியா" என்று பிரின்சி கையைத் திருப்பிக் காட்டுவாள் போல; அமலி சிரிப்பாள்.

ரீட்டா என்னிடம் வந்து புலம்பினாள். "அத்த, எம்பொண்ணு எங்கிட்ட சிரிச்சி எவ்ளோ நாளாவுது தெரியுமா. நான் கூப்புட்டா 'உம்'முங்குது. அங்க போனா மட்டும் பல்லு தெரியுது."

"பாடம் படிக்கத்தானடி போவுது."

"பாடம் படிக்கிறப்ப யாருன்னா சிரிப்பாங்களா? நானுந்தான் படிச்சேன். ஒரு நாளு சிரிச்சிருப்பனா?"

ஆகஸ்டு மாதம் ஸ்கூலில் அறிவியல் கண்காட்சி என்று அறிவித்தார்கள். நன்றாகச் செய்தவர்கள் கடலூர் வரைக்கும் போகலாம். அமலி எலக்ட்ரான் ஆர்பிட்டாலை எடுத்துக்கொண்டாள்; அணுவுக்குள் எலக்ட்ரான் இருக்கும் இடத்தின் வடிவத்துக்கு அந்தப் பேராம். அட்டையில் வரைந்து தரச் சொல்லி சித்தியிடம் கேட்கப் புறப்பட்டவளை, ரீட்டா வாசலிலேயே நிறுத்தினாள்.

"அட்டையில என்னாடி வரையிறது. நான் பீங்கான்ல செஞ்சி தரேன். பளபளன்னு."

அமலி நின்றாள். "நெசமாவாம்மா? உனக்கு இது தெரியுமா?"

"நானும் சயின்ஸ் குரூப்புதான்."

அன்றைக்கு அந்தப் பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டது. அதற்கப்புறம் இரண்டு வாரம் சாயங்காலமானால் கம்பெனி வாசலில் அமலி வந்து நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தமே இல்லை. ரீட்டாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மழை பெய்த காட்டு நிலம் மாதிரி இருந்தது.

புத்தகத்தில் எஸ் ஆர்பிட்டால் உருண்டையாக இருந்தது. அது சுலபம், ஒரு பந்து அச்சு போதும். பி ஆர்பிட்டால் டம்பெல் மாதிரி, இந்தப் பக்கம் ஒரு உருண்டை அந்தப் பக்கம் ஒரு உருண்டை. அதற்கு எங்கே அச்சு? தலையாட்டிப் பொம்மையின் தலை அச்சை எடுத்தாள். இரண்டு தலை வார்த்து, மூக்கையும் காதையும் சீவி, கழுத்தோடு கழுத்து ஒட்டிவிட்டாள். ஒட்டின இடம் முறியாமல் இருக்கக் களிமண் வைத்து ஒரு விரல் கனத்துக்குத் தடிமன் செய்தாள். உள்ளே காற்று அடைபட்டால் சூளையில் வெடிக்கும் என்று அடியில் ஒரு துளை. அந்த மாதிரி மூன்று. ஒன்று படுத்தபடி, ஒன்று நின்றபடி, ஒன்று நம்மைப் பார்த்தபடி. சிவப்பு, நீலம், பச்சை. எலக்ட்ரான் வேண்டுமே என்று, ஒவ்வொன்றின் மேலும் தங்க வண்ணத்தில் இரண்டு பொட்டு வைத்தாள். அவள் படித்த காலத்தில் எலக்ட்ரான் வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது வட்டத்துக்குப் பதில் உருண்டையின் தோல்மேல் சுற்றுகிறது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

சுட்டு எடுத்ததும் வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்தாள். நானும் இருந்தேன். என் தம்பி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். "பெரியவ செஞ்சதா? கடையில வாங்கினாப்புல இருக்குதே" என்றான். பதினெட்டு வருடத்தில் அவள் அந்த வாயிலிருந்து கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

பிரின்சி வந்தாள். சிவப்பை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். கழுத்தைத் தடவினாள். தங்கப் பொட்டைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்த மாதிரி இருந்தது.

"ரொம்ப அழகா இருக்குதுக்கா" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

"பாத்தீங்களா அத்த, மூஞ்சி எப்படிப் போச்சின்னு" என்றாள் ரீட்டா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னால் வகுப்பிலேயே எல்லாரும் காட்ட வேண்டும். கெமிஸ்ட்ரி எடுப்பவர் ஆனந்தராஜ் சார். அவர் பொம்மையைக் கையில் எடுத்து, "இதுல எலக்ட்ரான் எங்கம்மா?" என்று கேட்டார். அமலி தங்கப் பொட்டைக் காட்டினாள்.

"ஓ. செவுத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குதா?"

வகுப்பு சிரித்தது.

"நடுவுல கழுத்து இவ்ளோ கனமா இருக்குதே, அங்கயும் எலக்ட்ரான் இருக்குமா?"

"இருக்கும் சார்."

"நடுவுல இருக்கிற கணுத்தளத்துல எலக்ட்ரான் இருக்கவே இருக்காதுன்னு போன வாரந்தான நடத்துனேன்?" என்றார். பின்னாலிருந்து ஒரு பையன், "சார், அது தலையாட்டிப் பொம்ம சார். காது வெட்டின தழும்பு தெரியுது" என்றான். அதற்கப்புறம் அந்த வகுப்பில் யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சார் நல்லவர். வியாழக்கிழமை வரைக்கும் டைம் தருகிறேன், வேறு செய்து கொண்டு வா என்று அனுப்பினார்.

அமலி வீட்டுக்கு வந்து பையைப் போட்டது. அழவில்லை. "தெரியாததுல ஏம்மா கைய வைக்கிற? சித்திகிட்டயே கேட்டிருப்பேன்" என்றது. அவ்வளவுதான். போய்ப் படுத்துக்கொண்டது.

ரீட்டா சுவரைச் சுற்றிக்கொண்டு நேராகப் பிரின்சியின் அடுப்படிக்குப் போனாள். வாசலில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"என்னதுக்கா?"

"கழுத்துல எலக்ட்ரான் இருக்காதுன்னு. பொட்டு வைக்கக் கூடாதுன்னு."

பிரின்சி தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியும்க்கா."

"கையில எடுத்துப் பாத்தப்பவே?"

"எடுத்தப்பவே."

"அப்ப ஏண்டி சொல்லல? எங்குழந்தய அத்தன பேரு முன்னாடி நிக்க வச்சி சிரிச்சிருக்கானுங்க."

பிரின்சி கருகின தோசையைக் கல்லிலிருந்து எடுத்தாள். "ரெண்டு வாரமா அவ எங்கிட்ட வரலக்கா. எட்டிக்கூடப் பாக்கல. ஸ்கூல்ல நாப்பது புள்ளைங்களுக்கு இதே பாடத்த நடத்துறேன், ஒண்ணுகூட அவள மாதிரி கேள்வி கேக்காது. நீங்க ஒரு பொம்மயக் காட்டி இழுத்துக்கிட்டுப் போயிட்டீங்க. எனக்கு வரையத்தான் தெரியும், உங்கள மாதிரிக் கை வராது. எடுத்துப் பாத்தப்ப அவ்ளோ நல்லா இருந்திச்சி. அதான் சொல்லல. தப்புதாங்க்கா."

ரீட்டா கத்துவாள் என்று நான் எழுந்தே விட்டேன். அவள் கத்தவில்லை. பின்னால் என்னிடம் சொன்னாள்: "அத்த, கோவந்தான் வந்துச்சி. ஆனா உள்ளுக்குள்ள ஒரு பக்கம் இனிக்குது. என்னப் பாத்துப் பொறாமப்பட ஒரு ஆளு இருக்குதுன்னு எனக்கு இத்தினி வருசமாத் தெரியாதே."

ரீட்டா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். "இப்ப சொல்லு. எங்கிட்ட சொல்லு, அவகிட்ட இல்ல. வியாழக்கெழமைக்குள்ள நான் வேற செய்யணும்."

பிரின்சி சொன்னாள். முதல் மூன்று நம்பரும் ரீட்டாவுக்கு உடனே பிடித்துவிட்டது. பொம்மைக்காரிக்குப் பெரிசு சின்னது, வடிவம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதெல்லாம் தினசரி சமாசாரம். நாலாவதையும் ஒப்புக்கொண்டாள். ஒரு ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரானுக்கு மேல் இருக்க முடியாது, அந்த இரண்டுக்கும் நாலாவது நம்பர் எதிரெதிர், நாலு நம்பரும் ஒன்று போல இருக்கிற இரண்டு எலக்ட்ரான் ஒரு அணுவுக்குள் கிடையவே கிடையாது. சண்டை வந்தது எலக்ட்ரான் எங்கே என்பதில்தான்.

"அது எங்க இருக்குதுன்னு சொல்ல முடியாதுக்கா. எங்க இருக்க வாய்ப்பு அதிகம்னுதான் சொல்லலாம்."

"புத்தகத்துல உருண்டையா வரஞ்சிருக்குதே?"

"அது நாம போட்ட கோடு. பெரும்பாலும் இதுக்குள்ளதான் இருக்கும்னு ஒரு எல்ல. நெசத்துல அங்க செவுரு எதுவும் கெடயாது."

"அப்ப பொம்மைக்குத் தோலே இல்லங்கிற."

"இல்ல."

"தோலு இல்லாத பொம்மய எப்படி வாக்கிறது?"

"அதாங்க்கா எனக்கும் தெரியல."

மறுநாள் கம்பெனியில் ஸ்பிரே அடிக்கிற ஆள் வரவில்லை. ரீட்டாவைக் கூப்பிட்டார்கள். யானைப் பொம்மைக்கு நீலம். ஸ்பிரே கன்னை அழுத்தியதும் நீலப் பனி கிளம்பிப் போய்ப் பின்னால் இருந்த வெள்ளைத் தட்டில் விழுந்தது. நடுவில் கெட்டி, போகப் போக மெலிசு, ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி. எந்த இடத்தில் நீலம் முடிகிறது? விரலை வைத்துப் பார்த்தாள். இங்கே என்று காட்ட முடியவில்லை. யானையை வைத்துவிட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாளாம். சூளை பார்க்கிற பக்கிரி, "என்னா ரீட்டா, தட்டுல மொகம் பாக்கிற?" என்றாராம்.

"இதுக்குத் தோலு இல்லண்ணா" என்றிருக்கிறாள். அவருக்கு என்ன புரியும்.

சனிக்கிழமை ஸ்கூல் லீவு. பிரின்சியைக் கம்பெனிக்கு வரச் சொன்னாள். எட்டு வருடத்தில் பிரின்சி அந்தப் பக்கம் கால் வைத்தது அன்றைக்குத்தான். வெள்ளைத் தட்டுகள் வரிசையாக இருந்தன. எஸ்ஸுக்கு நடுவில் கெட்டியாக ஒரே பனி. பி ஆர்பிட்டாலுக்கு, தட்டின் குறுக்கே நனைத்த காகிதப் பட்டை ஒட்டி, அதற்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் அடித்துவிட்டுப் பட்டையை உரிக்க வேண்டும். பட்டை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். அதுதான் எலக்ட்ரான் இருக்கவே இருக்காத இடம்.

"பட்ட இவ்ளோ அகலமா வேணாம்க்கா. அது தளம். கனமே கெடயாது. கோடு மாதிரி இருந்தாப் போதும்" என்றாள் பிரின்சி.

"சூட்டுல கிளேஸ் உருகி ஓடும். கோடா வுட்டா ரெண்டு பக்கமும் வந்து சேந்துக்கும். வெளிய எடுக்கிறப்ப உன் தளமும் இருக்காது ஒண்ணும் இருக்காது."

"புத்தகத்துல..."

"புத்தகத்தச் சூளையில வச்சியா?"

பக்கிரி சிரித்துவிட்டார். பிரின்சிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டாள். ஒன்றே ஒன்றைத் தான் சொன்ன மாதிரி மெல்லிசாக அடிக்கச் சொன்னாள். திங்கட்கிழமை சூளை திறந்தபோது அது ஒரே நீலத் திட்டாகத்தான் வந்தது. ரீட்டா அதை ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவள் கையில் கொடுத்தாள். சொல்லியிருந்தால் பிரின்சிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஒன்று மட்டும் ரீட்டாவாலும் ஆகவில்லை. நம்மைப் பார்த்து நிற்கிற மூன்றாவது பி. தட்டு தட்டையாயிற்றே, நம்மை நோக்கி வருவதை அதில் எப்படி அடிப்பது? பிரின்சிதான் அதை அவிழ்த்தாள். மூன்று தட்டும் ஒரே மாதிரி இருக்கட்டும், மூன்றாவதைத் தாங்கியில் நிறுத்தும்போது பக்கவாட்டில் திருப்பி, நீளம் நம்மை நோக்கி வருகிற மாதிரி வைத்துவிடலாம் என்றாள். தாங்கி செய்தது ரீட்டா. திருப்பச் சொன்னது தான்தான் என்று பிரின்சி என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

அமலி இது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு பக்கமும் சாயவில்லை. அம்மா பேசினால் அம்மாவைப் பார்க்கும், சித்தி பேசினால் சித்தியைப் பார்க்கும். தானாக உட்கார்ந்து எதையோ எழுதும், அடிக்கும்.

கண்காட்சி அன்று இரண்டு பேரும் போனார்கள். ரீட்டா வேலைக்கு லீவு சொன்னாள். பிரின்சி அரை நாள் பர்மிஷன் வாங்கினாள். நானும் கூடப் போனேன், என்னை யார் தடுப்பார்கள். மேசைக்கு எதிரே அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி நின்றார்கள். அந்தப் பெண் தடுமாறினால் யாரைப் பார்க்கும் என்பதுதான் இரண்டு பேருக்கும்.

வெளியூரிலிருந்து மார்க் போட வந்தவர் வயதானவர். தட்டை உற்றுப் பார்த்தார்.

"இதுல ஆயிரம் புள்ளி இருக்குதேம்மா. ஆயிரம் எலக்ட்ரானா?"

"இல்ல சார். அதிகபட்சம் ரெண்டு. புள்ளி எல்லாம் அது கெடைக்கக்கூடிய எடம். நெருக்கமா இருக்கிற எடத்துல வாய்ப்பு அதிகம்."

பிரின்சி மெல்லத் தலையாட்டினாள். அது அவள் சொல்லிக் கொடுத்தது.

"இந்த வெள்ளப் பட்ட ஏன் இவ்ளோ அகலம்?"

"தளத்துக்குக் கனம் கெடயாது சார். சூளையில வண்ணம் ஓடிச் சேந்துடும்னு அகலமா வுட்டிருக்குது."

ரீட்டா மூக்கை உறிஞ்சினாள். அது அவள் சொன்னது.

பெரியவர் விடவில்லை. "அங்க எலக்ட்ரான் இருக்கவே இருக்காதுங்கிற. அப்ப இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போவுது?"

இது இரண்டு பேருமே சொல்லித் தராதது. ரீட்டா மகளின் முகத்தையே பார்த்தாள். இப்போது திரும்பும், என்னைப் பார்க்கும் என்று ஒரு அடி முன்னால்கூட வந்தாள். பிரின்சி உதட்டை அசைத்தாள்.

அமலி யாரையும் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு சொன்னது: "பந்து மாதிரி உருண்டு போவுதுன்னு நெனச்சாதான் சார் அந்தக் கேள்வி வருது. இது ரெண்டு அறை இல்ல, ஒரே ஆர்பிட்டால். அலைல அசையாத எடம் ஒண்ணு இருந்தாலும் அலை ஒண்ணுதான சார்? அந்த மாதிரி."

பெரியவர் தாளில் எழுதிக்கொண்டார். "யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

"வூட்டுல செஞ்சது சார்" என்றது அமலி. அவ்வளவுதான். பெயரும் இல்லை, அம்மாவும் இல்லை, சித்தியும் இல்லை. அடுத்த ஆளுக்கு விளக்கப் போய்விட்டது.

கடலூருக்கு எடுத்துவிட்டார்கள். அறிவித்ததும் அந்தப் பெண் துள்ளிக் குதித்துச் சிநேகிதிகளோடு ஓடிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் ஸ்கூலுக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். இரண்டு பேருக்கும் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அலைன்னு நீதான சொல்லிக் குடுத்த?" என்றாள் ரீட்டா.

"நான் சொல்லலக்கா. நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு அலையப் பத்தி என்னா தெரியும்?"

"அப்ப அவளே படிச்சிருக்கா."

"ரெண்டு பேரு நிக்கிறோம். ஒரு பார்வ பாத்துச்சா பாரு. வூட்டுல செஞ்சதாம்" என்றாள் ரீட்டா.

"நீங்க பெத்ததுக்கா. நீங்கதான் கேக்கணும்."

"பெத்தது நானு. இப்படி ஆக்கினது நீ."

பிரின்சி டீயைக் குடித்து முடித்துக் கிளாஸை வைத்தாள். ரீட்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்கூல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு அப்புறம் அவளுக்கு என்னா பாடம் வரும்?" என்றாள்.

"ரெண்டாவது புத்தகத்துல, இந்த எஸ்ஸும் பியும் ஒண்ணாக் கலந்து புதுசா வேற ஆர்பிட்டால் ஆவும்க்கா. இனக்கலப்புன்னு பேரு. அதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்குது."

"அவளுக்குச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. மொதல்ல எனக்குச் சொல்லு" என்றாள் ரீட்டா.

பிரின்சி அவளை ஒரு முறை பார்த்தாள். "சாயந்திரம் அவ ஸ்கூல்ல டான்ஸ் ரிகர்சலுக்குப் போவா. ஆறு மணிக்கு வாங்கக்கா" என்றாள்.